ஸீனியா என்கிற சின்ன ஊர்: ஓர் ஊரின் பேரிடர்ப் பட்டியலை எப்படிப் படிப்பது?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஸீனியா என்று ஓர் ஊர் இருக்கிறது. டேட்டன் நகரத்திலிருந்து காரில் அரை மணி நேரம், மக்கள்தொகை 25 ஆயிரத்தை ஒட்டி. அந்தப் பக்கம் வேலை கிடைத்து வீடு தேடிக்கொண்டிருந்த தம்பி ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, நெட்ல பார்த்தா இங்க டொர்னாடோ அபாயம் நாட்டு சராசரியைவிட அதிகம்னு போட்டிருக்கு, இத்தனை பேரிடர் நடந்திருக்குன்னு ஒரு நீளப் பட்டியல் வேற, வீடு வாங்கலாமா வேண்டாமா?" என்று கேட்டார். பக்கத்திலிருந்த இன்னொருவர், "ஏற்கெனவே ரெண்டு தடவை அடிச்சாச்சு, இனிமே அடிக்காது, தைரியமா வாங்கு" என்றார்.

இரண்டு பேர் சொன்னதிலும் கோளாறு இருக்கிறது. பட்டியலைப் பார்த்துப் பயந்ததும் சரியில்லை, பட்டியலைக் காட்டிச் சமாதானம் சொன்னதும் சரியில்லை. அப்போது போனில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். வானிலை படித்திருக்க வேண்டியதில்லை, பொறுமையாகப் படித்தால் போதும்.

முதலில் பெயர்க் குழப்பம்

தமிழ்ச் செய்திகளில் "அமெரிக்காவில் சூறாவளி" என்று வந்தால் அது எதைச் சொல்கிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். கடலில் உருவாகி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்கு, நாள்கணக்கில் நகர்ந்து வருவது புயல். நம் கடலோரம் பார்ப்பது அதுதான், அமெரிக்கக் கரையில் அதையே ஹரிக்கேன் என்கிறார்கள். டொர்னாடோ வேறு சங்கதி. அது இடிமேகத்திலிருந்து தரைவரை தொங்கும் ஒரு சுழல்காற்றுத் தூண். அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்தான் இருக்கும், நிமிடக்கணக்கில் முடிந்துவிடும். ஆனால் அந்தக் குறுகிய தடத்தில் இருக்கும் வீட்டை அஸ்திவாரத்தோடு துடைத்துவிட்டு, இரண்டு தெரு தள்ளி இருக்கும் வீட்டில் கண்ணாடிகூட உடையாமல் விட்டுவிட்டுப் போகும்.

இந்த வித்தியாசம் மனதில் நிற்க வேண்டும். புயல் ஒரு மாவட்டத்தையே தொடும். டொர்னாடோ ஊருக்குள் ஒரு கோடு போட்டுவிட்டுப் போகும்.

கிணறும் குழந்தையும்

தோட்டத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு ஒன்று இருக்கிறது. கிணற்றின் ஆழம் என்றைக்கும் அதே ஆழம்தான். தோட்டத்துக்கு யாருமே வருவதில்லை என்றால் அதனால் கெடுதல் இல்லை, குழந்தைகள் அங்கே விளையாட ஆரம்பித்தால் உண்டு, சுவர் கட்டிவிட்டால் திரும்பவும் குறைந்துவிடும்.

இங்கே கிணறு என்பது இடர், அதாவது இயற்கையில் நடக்கக்கூடிய சம்பவம். அபாயம் என்பது அந்த இடரால் நமக்குக் கெடுதல் நேர எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது, நேர்ந்தால் எவ்வளவு கெடும் என்ற கணக்கு. எங்கே வீடு கட்டியிருக்கிறோம், எப்படிக் கட்டியிருக்கிறோம், முன்கூட்டித் தெரியுமா தெரியாதா என்பதெல்லாம் சேர்ந்துதான் இந்தக் கணக்கு வரும். ஊரின் பேரிடர்ப் பட்டியலில் இருப்பது பெரும்பாலும் கிணற்றின் கதை. வாங்கப்போகும் வீட்டுக்குக் கைப்பிடிச் சுவர் இருக்கிறதா என்பது அதில் இருக்காது.

காற்று ஏன் இங்கே சுழல்கிறது

மிட்வெஸ்ட் என்பது ஒஹாயோவிலிருந்து கேன்சஸ் வரைக்கும் பரந்து கிடக்கும் 12 மாநிலங்கள். நிலத்தின் அமைப்பைப் பாருங்கள். தெற்கே மெக்சிகோ வளைகுடா, அங்கிருந்து சூடான ஈரக்காற்று வரும். மேற்கே ராக்கி மலைகளும் பாலைநிலங்களும், அங்கிருந்து வறண்ட காற்று வரும். வடக்கே கனடா, அங்கிருந்து குளிர்காற்று வரும். நடுவில் தடுக்க ஒரு மலை கிடையாது. இமயமலை நமக்கு வடக்குக் குளிரை மறிப்பது மாதிரியான சுவர் இங்கே கிழக்கு மேற்காக எதுவும் இல்லை, அதனால் மூன்றும் ஒரே சமவெளியில் வந்து மோதிக்கொள்கின்றன.

பால் காய்ச்சும்போது ஆடை கட்டிக்கொண்டால் என்ன ஆகும்? மேலே அசையாமல் இருக்கும், அடியில் சூடு ஏறிக்கொண்டே போகும், ஒரு நொடியில் ஆடையைக் கிழித்துக்கொண்டு பொங்கி வழியும். தென்மேற்கிலிருந்து வரும் சூடான வறண்ட காற்று ஈரக்காற்றுக்கு மேலே ஒரு மூடி போல உட்கார்ந்துகொள்கிறது. காலையிலிருந்து வெயில் அடியில் சூடேற்றிக்கொண்டே இருக்கிறது, மதியம் தாண்டியதும் மூடி உடைகிறது, ஈரக்காற்று 12, 15 கிலோமீட்டர் உயரத்துக்குச் சீறிக்கொண்டு எழும்புகிறது. அதுதான் இடிமேகம். பெரிய டொர்னாடோக்கள் பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகு இரவுக்கு முன்பாக வருவதற்குக் காரணம் இதுதான், ராத்திரி வரவே வராது என்று இல்லை.

சரி, பொங்குவது புரிகிறது, சுழல்வது எப்படி? விளக்குக்குத் திரி திரிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே பஞ்சை வைத்து, கீழ்க்கையை அப்படியே வைத்து மேல்கையை வேகமாகத் தள்ளினால் பஞ்சு உருளும். தரைக்கருகில் காற்று மெதுவாக வீசுகிறது, மேலே போகப்போக வேகமாகவும் வேறு திசையிலும் வீசுகிறது. ஏறக்குறைய பத்து கிலோமீட்டர் உயரத்தில் ஜெட் காற்றோட்டம் என்று ஆறு மாதிரி ஓடும் ஒரு வேகக்காற்று இருக்கிறது, அது பக்கத்தில் இருந்தால் மேல்கையின் வேகம் இன்னும் கூடும். இந்த வேக வித்தியாசத்தைக் காற்று முறிவு என்று வைத்துக்கொள்வோம். அதனால் நடுவில் இருக்கும் காற்று, கண்ணுக்குத் தெரியாத ஒரு படுக்கைவசத் திரியாக உருள்கிறது. கீழிருந்து சீறி எழும்பும் இடிமேகக் காற்று அந்தத் திரியை நடுவில் பிடித்துத் தூக்கி நிமிர்த்திவிடுகிறது, இப்போது மேகமே சுழல ஆரம்பிக்கிறது. இப்படிச் சுழலும் இடிமேகத்துக்கு சூப்பர்செல் என்று பெயர்.

சூப்பர்செல் உருவானால் டொர்னாடோ வந்துவிடும் என்று இல்லை, பெரும்பாலானவை டொர்னாடோ இல்லாமலே கலைந்துவிடும். அடியில் இருக்கும் சுழற்சி குறுகிச் சுருங்கினால்தான் வரும். நூலில் கல்லைக் கட்டிச் சுற்றிக்கொண்டே நூலை விரலில் சுருட்டிப் பாருங்கள், நூல் குறையக் குறையக் கல் வேகமெடுக்கும். அதே விதிதான். எல்லாம் கூடிவந்தும் ஏன் ஒரு மேகத்தில் சுருங்குகிறது, பக்கத்து மேகத்தில் சுருங்கவில்லை என்பதை இன்னும் முழுதாகக் கண்டுபிடிக்கவில்லை. அதனால்தான் "நாளை இந்த ஊரில் இந்தத் தெருவில்" என்று யாராலும் சொல்ல முடிவதில்லை.

ஆக, ஈரம், சூடு, மூடி, காற்று முறிவு எல்லாம் ஒரே நாளில் ஒரே இடத்தில் சேர வேண்டும். மிட்வெஸ்டில் வசந்த காலத்தில் அவை அடிக்கடி சேர்கின்றன. ஸீனியா என்ற பெயருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தப் பகுதியை ஷானி பழங்குடியினர் பேய்க்காற்று நிலம் என்று அழைத்தார்கள் என்று ஒரு கதை பல காலமாகச் சுற்றுகிறது. கதை எப்படியோ, சுற்றியிருக்கும் நூறு ஊர்களுக்கும் அதே வானம்தான்.

1974 ஏப்ரல் 3

அன்று புதன்கிழமை. அன்று மதியம் தொடங்கி ஒரு நாளுக்குள் 13 மாநிலங்களிலும் கனடாவின் ஒன்டாரியோவிலுமாக 148 டொர்னாடோக்கள் இறங்கின. அவற்றில் ஒன்று மாலை 4.40 வாக்கில் ஸீனியாவுக்குள் நுழைந்தது. பள்ளிக்கூடம் விட்டாகிவிட்டது, ஆனால் உயர்நிலைப் பள்ளியில் நாடக ஒத்திகைக்காகச் சில மாணவர்கள் மேடையில் இருந்தார்கள். வெளியே தூண் வருவதைப் பார்த்த பிறகு நடைபாதைக்கு ஓடிச் சுவரோரம் படுத்துக்கொண்டார்கள். அவர்கள் நின்றிருந்த மேடையின் மேல் பள்ளிப் பேருந்து வந்து விழுந்தது. ஊரில் ஏறக்குறைய பாதி சேதமானது, முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், ஆயிரத்துக்கும் மேல் காயம். பக்கத்திலிருந்த சென்ட்ரல் ஸ்டேட் பல்கலைக்கழக வளாகத்தின் பெரும்பகுதியும் போனது. அப்போது ஸீனியாவில் எச்சரிக்கைச் சங்கு கிடையாது. ரேடியோவும் டிவியும் பார்த்தவர்களுக்குத்தான் செய்தி தெரிந்தது. பேரழிவுக்குப் பிறகுதான் ஊரில் சங்குகள் வைத்தார்கள்.

2000 செப்டம்பர் 20 அன்று இன்னொன்று வந்தது, கிட்டத்தட்ட பழைய தடத்துக்கு இணையாக. ஒருவர் இறந்தார், நூறு பேரளவில் காயம்.

1974இல் வந்ததை எஃப்5 என்றும் 2000இல் வந்ததை எஃப்4 என்றும் சொல்கிறார்கள். இது சிகாகோ பல்கலைக்கழகத்தின் டெட்சுயா ஃபுஜிடா 1971இல் கொண்டுவந்த அளவுகோல், பூஜ்யத்திலிருந்து 5 வரை. 2007இலிருந்து திருத்திய அளவுகோல், அதை இஎஃப் என்பார்கள். ரிக்டர் மாதிரி கருவி வைத்து அளந்த எண் இது என்று பலரும் நினைக்கிறார்கள், அப்படியில்லை. வயலில் மிதிபட்ட பயிரைப் பார்த்து எவ்வளவு பெரிய யானை வந்தது என்று சொல்வதைப் போல, டொர்னாடோ போன பிறகு உடைந்த வீடு, முறிந்த மரம் எல்லாவற்றையும் பார்த்துக் காற்று இவ்வளவு வேகம் இருந்திருக்கும் என்று கணிக்கிறார்கள். அதனால் உடைவதற்கு எதுவுமே இல்லாத சோளக்காட்டில் மட்டும் சுற்றிவிட்டுப் போன பெரிய டொர்னாடோவுக்குச் சின்ன எண் கிடைத்துவிடலாம்.

புளியங்கொட்டைக் கணக்கு

"ஏற்கெனவே அடிச்சாச்சு, இனி அடிக்காது." இந்த வாதத்துக்கு வருவோம். இதே குழப்பத்தின் இன்னொரு முகம்தான் "நூறாண்டு வெள்ளம்" என்ற சொல்.

ஒரு பானையில் நூறு புளியங்கொட்டை போடுங்கள். ஒன்றை மட்டும் தரையில் உரசி வெள்ளையாக்கிவிடுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும், வெள்ளை வந்தால் அந்த வருஷம் வெள்ளம். எடுத்த கொட்டையைத் திரும்பப் பானையில் போட்டுவிட வேண்டும், முக்கியமே அங்குதான் இருக்கிறது. இந்த வருஷம் வெள்ளை வந்தது என்பது பானைக்குத் தெரியாது. அடுத்த வருஷமும் நூற்றில் ஒன்று வாய்ப்புதான். தாயம் விழுந்த அடுத்த உருட்டலில் மறுபடி தாயம் விழுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்!

நூறாண்டு வெள்ளம் என்றால் நூறு ஆண்டுக்கு ஒரு தடவை தவறாமல் வருவது என்று பொருளில்லை, ஒவ்வொரு ஆண்டும் வர 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம், அவ்வளவுதான். 1 சதவீதம் கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் 30 ஆண்டு வீட்டுக்கடன் கட்டி முடிப்பதற்குள் 30 தடவை பானைக்குள் கைவிடுகிறோம். ஒருமுறையாவது வெள்ளை வர 26 சதவீதம், அதாவது நான்கில் ஒன்றுக்கும் மேல். அயோவா மாநிலத்தில் 1993இலும் பிறகு 2008இலும் வந்த வெள்ளங்களை 500 ஆண்டு வெள்ளம் என்று சொன்னார்கள். நடுவில் 15 ஆண்டுதான். பானையில் இருக்கும் கொட்டைகளின் கணக்கே மாறிவிடவும் கூடும் என்பது வேறு: மழை அதிகமாகி, சதுப்பு நிலத்தை மூடி, ஆற்றைக் கரைகளுக்குள் நெருக்கினால் வெள்ளைக் கொட்டைகள் கூடும்.

1993 வெள்ளத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இலினாய் மாநிலத்தின் வால்மேயர் என்ற ஊர் மூழ்கியது. 900 பேர் வாழ்ந்த ஊர். கரை உடைந்து தண்ணீர் புகுந்தது. அதற்குப் பிறகு அந்த மக்கள் எடுத்த முடிவு எனக்கு மிகவும் பிடிக்கும். பழைய இடத்திலேயே கட்டாமல், பக்கத்துக் குன்றின் மேல் நூறு மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் புது ஊரைக் கட்டிக்கொண்டு போனார்கள். கிணற்றை மாற்ற முடியாது, குழந்தையை அங்கிருந்து நகர்த்திவிட்டார்கள்.

டொர்னாடோவுக்கும் இதே கணக்குதான். கேன்சஸில் கோடெல் என்ற சின்ன ஊரை 1916, 1917, 1918 மூன்று ஆண்டும் மே 20ஆம் தேதியே டொர்னாடோ தாக்கியது. கேட்டால் உடம்பு சிலிர்க்கிறது, அந்த ஊர்க்காரர்கள் நான்காவது மே 20ஐ எப்படிக் கழித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். நான்காம் ஆண்டு எதுவும் வரவில்லை. மே மாதம் அங்கே உச்ச சீசன், சமவெளியில் ஆயிரக்கணக்கான ஊர்கள், நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகளின் பதிவு. இவ்வளவு பெரிய குலுக்கலில் எங்கோ ஓர் ஊருக்கு இப்படி ஒரு சீட்டு விழுந்துவிடுகிறது. எந்த ஊருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, விழுந்த ஊருக்கு அது சாபமும் இல்லை.

நடந்தது ஒன்று அடுத்ததைத் தடுக்கவும் செய்யாது, கூப்பிடவும் செய்யாது. ஆற்றின் வளைவு ஊரைக் காக்கும், குன்று காக்கும் என்று ஊருக்கு ஊர் சொல்லும் நம்பிக்கையும் இதோடு சேர்ந்ததுதான். டொர்னாடோ ஆற்றையும் தாண்டும், மலையும் ஏறும்.

பட்டியலுக்குள் என்னென்ன இருக்கிறது

தம்பி பார்த்த பட்டியலுக்குத் திரும்பலாம். இந்த மாதிரிப் பட்டியல்களில் "பேரிடர் எண்ணிக்கை" என்பது பல சமயம் மத்திய அரசு பேரிடர் என்று அறிவித்த தடவைகளின் எண்ணிக்கை. மாநில ஆளுநர் உதவி கேட்டு, ஜனாதிபதி ஒப்புக்கொண்டால் அறிவிப்பு வரும். அது பண உதவிக்கான கதவு, வானிலை அளவுகோல் இல்லை. 2005இல் கத்ரீனா புயல் தெற்கே லூசியானாவைத் தாக்கியபோது, அங்கிருந்து வந்த அகதிகளைத் தங்கவைத்ததற்காக மிட்வெஸ்ட் மாநிலங்கள் பலவற்றிலும் நெருக்கடி நிலை அறிவித்தார்கள். 2020இல் கொரோனாவுக்காக 50 மாநிலங்களிலும் பேரிடர் அறிவிப்பு. இவையும் அந்த எண்ணிக்கையில் உட்கார்ந்திருக்கும். ஸீனியாவின் காற்றுக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு?

அப்புறம் இடத்தின் அளவு. அறிவிப்பும் டொர்னாடோ கணக்கும் கவுன்டி வாரியாக இருக்கும். கவுன்டி என்றால் நம் தாலுகா, மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பிரிவு. ஸீனியா இருக்கும் கிரீன் கவுன்டி ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஊர் அதில் முப்பதில் ஒரு பங்கு அளவுதான். கவுன்டியின் ஒரு மூலையில் தொட்டுவிட்டுப் போனதும் ஊர்க்கணக்கில் வந்துவிடுகிறது. ஊரிலிருந்து ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கு இறங்கினால் வாய்ப்பு இன்னும் சுருங்கும். டொர்னாடோ அதிகம் வரும் பகுதியிலேகூட குறிப்பிட்ட ஒரு வீட்டைத் தாக்குவது ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு ஒருமுறை என்ற அளவில்தான் இருக்கும். "சராசரியைவிட இரண்டு மடங்கு" என்று பயமுறுத்தும் எண், ஏற்கெனவே மிகச் சிறிய ஒன்றின் இரண்டு மடங்கு.

இன்னொன்று, பழைய பதிவுகள். 1990களில் டாப்ளர் ரேடார்கள் நாடு முழுக்க வந்தன. மழைத்துளி எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று பார்க்கும் ரேடார் அது, மேகத்துக்குள் சுழற்சி இருந்தால் காட்டிவிடும். அதோடு எல்லார் கையிலும் போன். அதனால் முன்பு யாரும் பார்க்காமல் போன சின்ன டொர்னாடோக்களும் இப்போது பதிவாகின்றன. எண்ணிக்கை கூடியதில் ஒரு நல்ல பங்கு கண்கள் கூடியதால் வந்தது.

எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், எதை எண்ணினார்கள், எவ்வளவு இடத்துக்கு, எப்போதிலிருந்து என்று மூன்றையும் கேட்க வேண்டும்.

பட்டியலில் பின்னால் நிற்பவை

டொர்னாடோ கண்ணைப் பறிக்கும், மற்றவை சத்தமில்லாமல் ஆளைக் கொல்லும். 1978 ஜனவரியில் வந்த பனிப்புயல் ஒஹாயோவில் 51 பேரைக் கொன்றது. 1995 ஜூலையில் சிகாகோவில் வெயில் அலையில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். 2008 செப்டம்பரில் ஐக் புயலின் மிச்சம் டெக்சாஸிலிருந்து ஒஹாயோ வரை வந்து 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கரண்ட் இல்லாமல் செய்தது. டேட்டனை 1913 மார்ச்சில் மூழ்கடித்த வெள்ளத்துக்குப் பிறகு மக்கள் பணம் திரட்டி, 1922க்குள் ஐந்து அணைகள் கட்டினார்கள். வெள்ளம் வரும்போது மட்டும் தண்ணீரைப் பிடித்துவைத்து மெதுவாக விடும் அணைகள், இன்றும் வேலை செய்கின்றன.

எச்சரிக்கை: இரண்டு சொற்கள்

1880களிலிருந்து ஏறத்தாழ 1950 வரை அமெரிக்க வானிலைத் துறை தன் முன்னறிவிப்புகளில் டொர்னாடோ என்ற சொல்லையே தவிர்த்தது, மக்கள் பீதியடைவார்கள் என்று. 1925 மார்ச் 18 அன்று மிசூரி, இலினாய், இண்டியானா மூன்றையும் கடந்து 350 கிலோமீட்டர் ஓடிய டொர்னாடோ 695 பேரைக் கொன்றது. மர்ஃபிஸ்பரோ என்ற ஒரே ஊரில் 234 பேர். அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

இன்றைக்குப் போனில் இரண்டு சொற்கள் வரும். டொர்னாடோ வாட்ச் என்றால் அடுப்பு பற்றவைத்து, பால் வைத்தாகிவிட்டது, பொங்கலாம் பொங்காமலும் போகலாம், கண் வைத்திருங்கள் என்று பொருள். பல கவுன்டிகளுக்குச் சேர்த்து, பல மணி நேரத்துக்கு வரும். டொர்னாடோ வார்னிங் என்றால் பொங்கிவிட்டது: ரேடாரில் சுழற்சி தெரிகிறது, அல்லது யாரோ கண்ணால் பார்த்துவிட்டார்கள். சராசரியாகப் பத்து நிமிடம் அளவில்தான் அவகாசம். வார்னிங் வந்தால் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்க்கக் கூடாது. பேஸ்மென்ட்டுக்கு, அதாவது வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறைக்கு இறங்க வேண்டும், அது இல்லையென்றால் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத நடு அறை அல்லது குளியலறை. ஜன்னலைத் திறந்து வைத்தால் அழுத்தம் குறையும் என்பது பழைய கட்டுக்கதை. நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் ஒதுங்குவது அதைவிட ஆபத்து, 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் அப்படி ஒதுங்கியவர்கள் இறந்திருக்கிறார்கள். ஊர்ச் சங்கு வெளியில் இருப்பவர்களுக்கானது, மூடிய வீட்டுக்குள் தூங்குபவருக்குக் கேட்காமல் போகலாம், ஆகவே பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோ ஒன்று வேண்டும்.

தம்பியிடம் கடைசியில் மூன்றே கேள்வி கேட்டேன். வீட்டில் பேஸ்மென்ட் இருக்கிறதா, வெள்ள வரைபடத்தில் வீடு 1 சதவீதப் பகுதிக்குள் வருகிறதா, அஸ்திவாரத்தில் போல்ட் போட்டு இணைத்த வீடா அல்லது சக்கரத்தில் கொண்டுவந்து நிறுத்திய மொபைல் ஹோமா. டொர்னாடோவில் இறப்பவர்களில் மிகப் பெரிய பங்கு அந்த மொபைல் ஹோம்களில் இருப்பவர்கள் என்பதால் கேட்டேன். அவர் வரைபடத்தைத் திறந்து பார்த்தார். முதலில் பிடித்திருந்த வீடு ஓடையோரம், கோட்டுக்கு உள்ளே இருந்தது. அதே ஸீனியாவில், ஓடையிலிருந்து ஏழெட்டுத் தெரு மேலே, பேஸ்மென்ட்டோடு இன்னொரு வீடு பார்த்து வாங்கியிருக்கிறார். போன வாரம் ரேடியோவுக்கு எந்த பேட்டரி போட வேண்டும் என்று கேட்டு மெசேஜ் வந்தது.